பழைய காருக்கு உள்வேலை: இருக்கிறதைத் திருத்துறதோ, இஞ்சை தைப்பிக்கிறதோ, லண்டனிலை இருந்து எடுப்பிக்கிறதோ?

ஒரு கிழமைக்குள்ளை மூண்டு பேர் என்னட்டை இதே கேள்வியைக் கேட்டிட்டினம். சாவகச்சேரியிலை ஒரு தம்பி, தேப்பன் ஓடின ஒஸ்ரின் ஏ40 சமர்செற்றை இப்பதான் கொட்டிலுக்குள்ளை இருந்து வெளியிலை எடுத்திருக்கிறார், சீற் எல்லாம் வெடிச்சு தும்பு வெளியிலை நிக்குதாம். கனடாவிலை இருக்கிற ஒரு அக்கா, மானிப்பாய் வீட்டிலை நிக்கிற மொறிஸ் மைனரை வாற ஆவணிக்கு முதல் திருத்திப்போட்டு அதிலை தன்ர மகளை நல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு நிக்கிறா. மூண்டாவது கோண்டாவில் அண்ணை, அவற்றை ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜ் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு ஓடுது. மூண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லேல்லை, சொல்லவும் ஏலாது, அதாலைதான் இதை இருந்து வடிவா எழுதுறன்.

முதல் ஒரு விசயம். என்ன முடிவு எடுத்தாலும் பழைய உறையை, பழைய டோர் போட்டை (கதவின்ர உள்பக்க மட்டை), பழைய ரூஃப் சீலையை (கூரைக்கு உள்பக்கம் இழுத்துக் கட்டுற துணி) எறியாதேங்கோ, எறிய விடவும் வேண்டாம். 2011இலை எங்கட அப்பப்பாவின்ர மைனரை ரவுணுக்குள்ளை ஒரு குஷன் கடையிலை விட்டனான். நாலாம் நாள் போய்ப் பாக்கேக்கை முன் சீற் ரெண்டும் புது றெக்சினோடை, அதுதான் பிவிசி பூசின செயற்கைத் தோல், பளபளவெண்டு நிக்குது, பழைய சிவப்பு லெதர் உறை எங்கை எண்டு கேட்டன், குப்பையோடை எரிச்சுப்போட்டம் எண்டிச்சினம். அவையிலை கோபிக்கிறதிலை வேலையில்லை, கிழிஞ்ச தோல் தானே எண்டு நினைச்சிருப்பினம், ஆனா அந்த உறைதான் அச்சு, எந்தத் துண்டு எந்தளவு, மடிப்பு எத்தினை, பைப்பிங் (ஓரத்திலை வாற உருண்டை விளிம்பு) எதாலை சுத்தி வருது எண்ட எல்லாம் அதிலைதான் இருந்தது. அது போனபிறகு தைச்சதெல்லாம் குத்துமதிப்புத்தான். இண்டைக்கும் அந்த முன் சீற்றிலை ஏறி இருக்கேக்கை எனக்கு மனம் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

## தெரிவு செய்ய முதல் பாக்க வேண்டியது

கார் என்ன வேலைக்கு? கலியாணத்துக்கு ஓடுற கார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற கார், சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுற கார், மூண்டுக்கும் தேவை வேறை வேறை.

வெயில். இது இங்கிலாந்துப் புத்தகங்களிலை வராது. எங்கட பங்குனி சித்திரை வெயிலுக்கை கண்ணாடி பூட்டி நிக்கிற காருக்குள்ளை பிவிசி சாமானை மெதுமையா வைச்சிருக்கிற சேர்மானம் மெல்ல மெல்ல ஆவியாப் போகும், முன் கண்ணாடியிலை உள்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி படியிறது அதுதான். பேந்து சாமான் காய்ஞ்சு வெடிக்கும். பிறகு ஐப்பசி கார்த்திகை மழை, அது டோர் போட்டைப் பிடிக்கும், லெதரிலை பூசணம் வரும். பருத்தித்துறை, காரைநகர் பக்கம் எண்டால் உப்புக்காத்து வேறை, சீற் ஸ்பிரிங், ரூஃப் கம்பி எல்லாம் கறள்.

என்ன கார்? மொறிஸ் மைனர் 1948 தொடக்கம் 1971 வரை பதினாறு லட்சத்துக்கு மேலை செய்தது, அதாலை இண்டைக்கும் இங்கிலாந்திலை உள்சாமான் புதுசா அடிச்சு விக்கிறாங்கள். சமர்செற் 1952 தொடக்கம் 1954 வரைக்கும்தான் வந்தது, அதுக்கு ரெடிமேட்டா எடுக்கிறது கஷ்டம். ஏ60 நடுவிலை நிக்குது.

திரும்பிப் போகலாமோ? இண்டைக்குச் செய்யிறதை பத்து வருசத்தாலை உங்கட பிள்ளை மாத்த நினைச்சால் மாத்த ஏலுமோ? இதை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை.

அவசரமாப் பாக்கிறவைக்கு ஒரு சின்ன அட்டவணை:

| வழி | நல்லாப் பொருந்திறது | தெரியாமல் வாற செலவு |
|---|---|---|
| இருக்கிறதைத் திருத்துறது | பழைய லெதர், ஒரே குடும்பத்துக் கார், குறைய ஓடுற கார் | நேரம், பொறுமை, பராமரிப்பு |
| இஞ்சை குஷன் கடை | கலியாணக் கார், அன்றாடம் ஓடுற கார், சாமான் கிடைக்காத மொடல் | ஃபிரேம் வெல்டிங், ஸ்பொஞ்ச், ரெண்டாம் தரம் தைக்கிறது |
| லண்டன் செற் | மைனர், அளவு மாறாத ஃபிரேம் | அனுப்புகூலி, கஸ்ரம்ஸ், பூட்டுற கூலி |
| கழட்டின காரிலை எடுக்கிறது | கைபிடி, கொளுக்கி, ஃபிரேம் | கொழும்புக்குப் போய்வாற செலவு, இரட்டை வேலை |

## இருக்கிறதைத் திருத்துறது

முதல் மேல் உறையின்ர ஓரத்தை அடியிலை கொஞ்சம் தூக்கிப் பாருங்கோ. எங்கட ஊரிலை கன கார்களிலை பழைய உறையைக் கழட்டாமல் அதுக்கு மேலையே புது உறை போட்டிருப்பினம், நேரம் மிச்சம், மெத்தையும் கிடைக்கும். என்ர பின் சீற்றிலை அப்பிடித்தான், மேலை 80களிலை போட்ட கபில றெக்சின், அதுக்குக் கீழை கம்பனியிலை இருந்து வந்த சிவப்பு லெதர், ஓரத்திலை மட்டும் தையல் விட்டிருந்தது, நடுவிலை ஒண்டும் இல்லை. அதுக்கும் கீழை தும்பும், லொறி ரியூப்பைப் பட்டி பட்டியா வெட்டி இழுத்துக் கட்டினதும் கிடந்தது. சண்டை நேரம் சாமான் வர விடாத தடைக்காலத்திலை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓட்டின ஆக்கள், ரியூப்பிலை சீற் கட்டினதிலை என்ன புதினம். அந்தப் பட்டியைப் பாத்துக்கொண்டு நான் கன நேரம் நிண்டனான்.

அந்த லெதர் கிழியாமல் கிடந்ததுக்குக் காரணம் வெயில் படாததுதான். லெதர் எண்டால் வெடிச்சாலும் கதை முடிஞ்சுதெண்டில்லை. தையல் மட்டும் விட்டிருந்தால் பழைய ஓட்டையிலையே திருப்பித் தைக்கலாம், கையாலை, பொலியெஸ்ரர் நூலாலை. பஞ்சு நூல் வேண்டாம், வேர்வைக்கும் மழை ஈரத்துக்கும் உக்கிப்போகும். சின்ன வெடிப்புக்கு உள்பக்கம் துணி ஒட்டி, மேலை லெதருக்கெண்டு வாற ஃபில்லர் போட்டு நிறம் அடிக்கலாம். லெதர் விறைச்சுப்போய் இருந்தால் லனோலின் சேர்ந்த கிறீம் கொஞ்சம் கொஞ்சமா, கிழமைக்கு ஒருக்கால். தேங்காயெண்ணெய் மட்டும் பூசாதேங்கோ, நல்லெண்ணெயும் வேண்டாம், முதல் ரெண்டு நாள் வடிவா மினுங்கும், பேந்து சிக்கு மணம், எறும்பு, மாரியிலை பூசணம்.

ஒரு கவனம். உங்கட காரிலை இருக்கிறது லெதரோ லெதர்குளோத்தோ எண்டு பாருங்கோ. அந்தக் காலத்து கார் கனதிலை நாங்கள் இருக்கிற பக்கம் மட்டும்தான் லெதர், பக்கவாட்டும் முதுகுப்பக்கமும் துணியிலை பூச்சுப் பூசின சாமான். அந்தப் பூச்சு உதிரத் தொடங்கினால் திருத்த ஏலாது, புதுசு வெட்டத்தான் வேணும். பின்பக்கத்திலை நூல் நெசவு தெரிஞ்சால் துணி, மயிர் மயிரா இருந்தால் தோல்.

ஆருக்கு இது சரி எண்டால், மானிப்பாய் அக்கா மாதிரி ஆக்களுக்கு. கார் வருசத்திலை பத்து நாள்தான் வெளிக்கிடும், தேப்பன் இருந்த சீற்றிலை மகளை இருத்தோணும் எண்டதுதான் அவவின்ர ஆசை, அதுக்கு ஏன் புது றெக்சின்? ஆனா கலியாணக் காருக்கு இது சரிவராது, வெடிச்ச லெதர் விளிம்பிலை கூறைச்சீலையின்ர சரிகை கொழுவினால் அண்டைக்கு முழுக்க உங்களுக்குப் பேச்சுத்தான்.

## இஞ்சை குஷன் கடையிலை தைப்பிக்கிறது

கூடுதலான ஆக்கள் கடைசியிலை வந்து நிக்கிறது இஞ்சைதான், அதாலை இதைக் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன். எங்கட குஷன்காரருக்குக் கைவேலை நல்லாத் தெரியும், பஸ் சீற்றும் ஓட்டோ சீற்றும் தைச்சுப் பழகின கை, பிழை வாறது கையாலை இல்லை, சாமானாலையும் நாங்கள் வடிவாச் சொல்லாததாலையும்.

சாமான் முதல். கடையிலை றெக்சின் எண்டு கேட்டால் சோபாவுக்குப் போடுறதையும் தருவினம், காருக்குப் போடுறதையும் தருவினம், ரெண்டும் பாக்க ஒண்டு மாதிரித்தான். காருக்கு வாறது வெயிலைத் தாங்கிறதுக்கு மருந்து சேர்த்தது. சோபா றெக்சின் எங்கட வெயிலுக்கை ரெண்டு வருசம் நிண்டால் பெரிசு, நான் 2011இலை போட்டது 2013இலை தையல் ஓரத்தாலை பிளந்தது. பின்பக்கத் துணியை இழுத்துப் பாருங்கோ, பின்னல் துணி எண்டால் இழுபடும், வளைவுகளிலை சுருக்கமில்லாமல் இருக்கும், நெசவுத் துணி எண்டால் இழுபடாது, நேர்ப்பக்கங்களுக்கு நல்லது. என்ர பழக்கம், ஒரு சாண் துண்டை வாங்கி நாலா மடிச்சு நூலாலை கட்டி ஓட்டுக்கு மேலை பதினைஞ்சு நாள் வெயிலிலை போடுறது. மடிப்பு விரிக்கேக்கை வெள்ளைக் கோடு விழுந்தால் அந்தச் சாமான் வேண்டாம். பதினைஞ்சு நாள் பொறுக்கிறது பெரிய விசயமில்லை, கார் அறுபது வருசம் பொறுத்திட்டுது.

சென்னைக்குப் போற ஆக்கள் இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலை கார் சீற் சாமான் கடைகள் வரிசையா இருக்கு, நிறமும் தரமும் எங்கடையை விடக் கூடத் தெரிவு செய்யலாம். இப்ப பலாலியாலை விமானமும் காங்கேசன்துறையாலை நாகபட்டினத்துக்குக் கப்பலும் இருக்கு, ஒரு காருக்கு வேண்டிய சாமானைச் சுருட்டிக் கொண்டு வரலாம், நிறையை மட்டும் முன்கூட்டியே பாருங்கோ.

அடுத்தது ஸ்பொஞ்ச். இதிலைதான் கன வேலை பழுதாகிறது. பழைய சீற்றுக்கு ஸ்பிரிங்கும் அதுக்கு மேலை மெல்லிய மெத்தையும்தான், இவையள் ஸ்பிரிங்கைக் கழட்டி எறிஞ்சுபோட்டு நாலு அங்குல ஸ்பொஞ்சை வைச்சு அடிச்சுத் தருவினம். வீட்டை வந்து இருந்து பாத்தால் தலை ரூஃபிலை முட்டும், தொடை ஸ்ரியறிங்கிலை முட்டும். மைனரிலை எனக்கு நடந்தது அதுதான். அதாலை சீற்றைக் கழட்ட முதல் ஆராவது ஒருத்தரை இருத்தி, இருக்கிற உயரத்தை நிலத்திலை இருந்து அளந்து ஒரு கடதாசியிலை எழுதி வையுங்கோ, தைச்ச பிறகும் அதே ஆளை இருத்தி அளக்கோணும். ஸ்பிரிங் முறிஞ்சிருந்தால் முறிஞ்ச ஒண்டை மட்டும் மாத்தலாம். பிந்தின சீற்றுகளிலை ரப்பர் பட்டி கொளுக்கியோடை வரும், அது இழுபட்டுப் போயிருந்தால் புதுப்பட்டி போடாமல் மேலை என்ன தைச்சாலும் ஆறு மாசத்திலை குழி விழும்.

தையல் நெருக்கமா இருந்தால் பலம் எண்டு நினைக்கிறது பிழை. றெக்சினிலை ஊசி ஓட்டை நெருங்கி விழுந்தால் தபால் முத்திரை ஓரம் மாதிரி அதாலையே கிழியும். ஓட்டைக்கு ஓட்டை மூண்டு நாலு மில்லிமீற்றர் விடச் சொல்லுங்கோ. மடிப்பு எத்தினை, எவ்வளவு அகலம் எண்டதை பழைய உறையைப் பாத்து எண்ணி அப்பிடியே தைக்கச் சொல்லுங்கோ, "வடிவா டிசைன் போட்டுத் தாறன் அண்ணை" எண்டு சொன்னால் வேண்டாம் எண்டு அப்பவே சொல்லிப்போடோணும். பிந்தின மைனர் சிலதிலை அந்தக் கோடுகள் தையல் இல்லை, சூட்டாலை அழுத்தினது, அதை இஞ்சை அப்பிடியே செய்ய ஏலாது, தைச்சால் கிட்டத்தட்ட வரும்.

செலவு எண்டு கடைக்காரர் சொல்லுற தொகை தையலுக்கும் துணிக்கும்தான். கழட்டினால்தான் தெரியும், சீற் ஃபிரேம் கறள் பிடிச்சு வெல்டிங் கேக்கும், காப்பெட் தூக்கினால் தரைத்தகடு ஓட்டை. தகட்டைத் திருத்தாமல் அதுக்கு மேலை புதுக் காப்பெட் விரிக்கவே கூடாது, கீழை போடுற சணல் விரிப்பு ஈரத்தைப் பிடிச்சு வைச்சு மிச்சத் தகட்டையும் திண்டுபோடும். கையிலை இருக்கிற காசிலை மூண்டிலை ஒரு பங்கை இப்பிடியானதுக்கெண்டு ஒதுக்கி வையுங்கோ.

கோண்டாவில் அண்ணைக்கும் சாவகச்சேரித் தம்பிக்கும் நான் சொன்னது இந்த வழிதான். அண்ணைக்கு ஏனெண்டால் கார் உழைக்குது, கிழிஞ்சால் அடுத்த முகூர்த்தத்துக்கு முதல் அதே கடையிலை குடுத்து எடுக்கலாம். கறுப்பு மட்டும் போடாதேங்கோ எண்டன், பட்டுவேட்டியோடை மத்தியானம் ஏறி இருக்கிற மாப்பிளையை நினைச்சுப் பாருங்கோ. தம்பிக்கு ஏனெண்டால் சமர்செற்றின்ர முன் சீற் ஒரே நீட்டுச் சீற், எளிய வடிவம், நல்ல தையல்காரர் கையிலை குடுத்தால் அசலுக்குக் கிட்ட வரும்.

## லண்டனிலை இருந்து செற்றா எடுக்கிறது

மைனர் வைச்சிருக்கிற ஆக்களுக்குத்தான் இது. இங்கிலாந்திலை சஃபோக்கிலை நியூட்டன் கொமர்ஷியல் எண்ட கொம்பனி மைனருக்கும் மினிக்கும் சீற் உறை, டோர் போட், காப்பெட் எல்லாம் பழைய அச்சுப்படி செய்யுது. நிறம், மடிப்பு, பைப்பிங் எல்லாம் எங்களாலை இஞ்சை எடுக்கேலாத சுத்தத்திலை வரும். ஒருக்கால் ஒரு கூட்டாளியின்ர காருக்குப் போட்டதைப் பாத்தனான், கதவைத் திறக்கவே மணம் வேறை.

ஆனா கணக்கைப் பாருங்கோ. முழு செற் எண்டால் ஆயிரம் பவுணுக்கு மேலை போயிடும். 2022க்கு முதல் பவுண் 300 ரூபாவுக்குள்ளை நிண்டது, அந்த வருசம் எங்கட காசு விழுந்த பிறகு நிலைமை உங்களுக்கே தெரியும். அதுக்கு மேலை அனுப்புகூலி, கஸ்ரம்ஸ் வரி, கொழும்பிலை இருந்து இஞ்சை வாற செலவு. லண்டனிலை சொந்தக்காரர் இல்லாத வீடு யாழ்ப்பாணத்திலை குறைவு, அவை கோயில் திருவிழாவுக்கு வரேக்கை பொதியிலை கொண்டரச் சொல்லலாம், அதுக்கு ஒரு வழி சொல்லுறன்: சீற் உறையை மட்டும் எடுப்பியுங்கோ. உறை மடிச்சால் ஒரு சூட்கேஸிலை பாதிதான். டோர் போட் மட்டையிலை ஒட்டி வரும், மடிக்க ஏலாது, முறிஞ்சு வந்து சேரும். போட்டை இஞ்சை வெட்டி, அதே துணியிலை ரெண்டு மீற்றர் கூட எடுப்பிச்சு ஒட்டினால் நிறமும் மாறாது.

ஓடர் குடுக்க முதல் வருசம், சசி நம்பர், ரெண்டு கதவோ நாலு கதவோ எல்லாம் சொல்லோணும், ரெண்டு கதவுக் காரிலை முன் சீற் முன்னுக்குச் சாயிற மாதிரி, அதின்ர உறை வேறை. அதைவிடப் பெரிய சிக்கல், எங்கட கார்கள் அறுபது வருசமா கையிலை கிடைச்ச சாமானாலை உயிரோடை நிண்டதுகள். இடது சீற் ஒரு வருசத்தது, வலது சீற் இன்னொரு காரினது எண்டு இருக்கும். ஃபிரேமை அளக்காமல் காசு அனுப்பிப்போட்டு உறை ஏறாமல் வைச்சிருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். இன்னொண்டு, புது உறையை பழைய குழிவிழுந்த மெத்தைக்கு மேலை போட்டால் தொளதொளவெண்டு சுருக்கம் விழும், அப்ப மெத்தையும் புதுசு போடத்தான் வேணும்.

பூட்டுறதுக்கும் பொறுமை வேணும். காலமை பத்து மணி வெயிலிலை உறையை ஒரு பாயிலை விரிச்சு அரை மணித்தியாலம் விட்டால் இளகும், அப்ப இழுத்துப் பூட்டலாம், விறைப்பா இருக்கேக்கை இழுத்தால் தையல் போகும்.

## கழட்டின காரிலை இருந்து எடுக்கிறது

கொழும்பிலை பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய்த் தேடுறது. சுருக்கமாச் சொன்னால், இரும்பும் நிக்கலும் எண்டால் எடுங்கோ, துணியும் றெக்சினும் எண்டால் எடுக்காதேங்கோ. கண்ணாடி இறக்கிற கைபிடி, கதவுக் கைபிடி, ரூஃப் கம்பி, கறள் குறைஞ்ச சீற் ஃபிரேம், இதுகள் கிடைச்சால் அதிட்டம். வேறை காரிலை வெயில் பட்ட உறை உங்கட காருக்கு வந்து புதுசாகப் போறேல்லை. ஜப்பான் காரின்ர சீற்றைக் கொண்டுவந்து பூட்டுற ஆக்களும் இருக்கினம், இருக்கச் சுகம்தான், ஆனா அதுக்குத் தரைத்தகட்டிலை புதுசா ஓட்டை போடோணும், பழைய ஃபிரேம் கொல்லைக்குப் போகும், பேந்து அந்தக் கார் திரும்பி வராது. எனக்கு அது சரியெண்டு படேல்லை.

## டோர் போட்டும் ரூஃப் சீலையும்

இந்த ரெண்டும் எந்த வழியிலை போனாலும் வாற வேலை.

டோர் போட் நெளியிறதுக்குக் காரணம் போட் இல்லை, தண்ணி. கண்ணாடி ஓரத்து ரப்பர்ப் பீடிங் காய்ஞ்சால் மழைத்தண்ணி கதவுக்குள்ளை இறங்கும், அடியிலை இருக்கிற சின்ன ஓட்டையாலை வெளியிலை போகோணும், அந்த ஓட்டை எங்கட செம்மண்ணாலை அடைபட்டுப் போயிருக்கும். முதல் ஓட்டையைத் துப்பரவாக்கி, பீடிங் மாத்தி, கதவுத் தகட்டுக்கும் போட்டுக்கும் நடுவிலை பொலித்தீன் ஒட்டுங்கோ. போட்டுக்கு மூண்டு மில்லிமீற்றர் மரீன் பிளைவுட் எடுத்து ரெண்டு பக்கமும் ஓரமும் வாணிஷ் அடியுங்கோ. அதைவிடத் தடிப்பு எண்டால் கிளிப் ஏறாது. எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) வேண்டாம், ஒரு மாரிக்குப் பாண் மாதிரி ஊதும்.

ரூஃப் சீலை சொந்தமாச் செய்யப் பாக்கிற ஆக்கள் கன பேர் நடுவிலை விட்டிருக்கினம். மைனரிலை சீலையின்ர ஓரம் முன் பின் கண்ணாடி ரப்பருக்குக் கீழை போகுது, அப்ப கண்ணாடி ரெண்டும் கழட்டோணும், பழைய ரப்பர் கழட்டேக்கை வெடிக்கும், புது ரப்பரை முன்னமே வாங்கி வைச்சுக்கொண்டு தொடங்குங்கோ. உள்ளுக்குள்ளை வாற வளைஞ்ச கம்பிகள் ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு, கழட்டக் கழட்ட முன்னாலை இருந்து ஒண்டு ரெண்டு எண்டு நம்பர் கட்டுங்கோ. சீலை போட முதல் உள்லைற் வயரைப் பாருங்கோ, பழைய ரப்பர் வயர் தொட உதிரும், அப்பவே மாத்தினால் சின்ன வேலை, பிறகெண்டால் எல்லாத்தையும் திரும்பக் கழட்டோணும். கம் வாங்கேக்கை சூடு தாங்கிற கம் எண்டு கேட்டு வாங்குங்கோ, சாதாரணக் கம் பங்குனியிலை விட்டிடும், சீலை தலையிலை தொங்கும். வேலையை மாசியிலை தொடங்குங்கோ, மழையும் இல்லை, வெயிலும் இன்னும் ஏறேல்லை.

## கலந்து செய்யிறது

என்ர மைனரிலை இப்ப இருக்கிறது, பின் சீற் கம்பனி லெதர், கையாலை தைச்சுத் திருத்தினது. முன் சீற் ரெண்டும் சென்னையாலை கொண்டந்த சிவப்பு றெக்சினிலை கொக்குவிலிலை ஒரு வயசுபோன ஐயா தைச்சது, பின் சீற்றைக் கழட்டிக்கொண்டு போய் முன்னாலை வைச்சு மடிப்பு எண்ணித்தான் தைச்சவர், அச்சு எரிஞ்சுபோனதுக்கு அதுதான் ஒரே வழி. டோர் போட் பிளைவுட்டிலை நானே வெட்டினது. கைபிடி பஞ்சிகாவத்தை. ரூஃப் சீலை மட்டும் இன்னும் பழசுதான், வாற மாசிக்கு.

சாவகச்சேரித் தம்பிக்கு ஒண்டு. ஏ40 பின் சீற்றின்ர பழைய உறை ஒண்டு என்ர கொட்டிலிலை சாக்குக்குள்ளை கிடக்கு, எங்கட ஒழுங்கையிலை ஒரு கார் கழட்டேக்கை எறியப் போனதை நான் வாங்கி வைச்சது. இடது மூலை எலி அரிச்சிட்டுது, மிச்சம் முழுசா இருக்கு. உங்கட தையல்காரரையும் கூட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு காலமை வாங்கோ, பிரிச்சு கடதாசியிலை கீறி எடுக்கலாம், உறையைத் திருப்பித் தந்திட்டுப் போகோணும்.